எண்ணெய் குறையட்டும், பருப்பு கெட்டியாகட்டும்

(சேலத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உணவில் கொழுப்பைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுவது எப்படி? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதைச் சேலத்தில் பேசக் கிடைத்ததை நான் பெரும் பேறாகக் கருதுகிறேன். ஏன் தெரியுமா? இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் தந்தை என்று போற்றப்படும் டாக்டர் சி. கோபாலன் பிறந்த ஊர் இது. 1918-இல் இங்கே பிறந்தவர், குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அந்த ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்கு இடம் மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அதற்கு அவர் இயக்குநரானார். பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கே தலைமை இயக்குநரானார். 2019-இல், நூறு வயதில் சென்னையில் மறைந்தார். எந்தத் தானியத்தில் எவ்வளவு புரதம், எந்தப் பருப்பில் எவ்வளவு கொழுப்பு என்று நம் மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புரட்டிப் பார்த்த அட்டவணைப் புத்தகம் அவர் பெயரைத் தாங்கியது. அப்படிப்பட்ட மனிதரின் சொந்த ஊரில் இன்று எத்தனை வீட்டுத் தட்டில் போதிய புரதம் இருக்கிறது? இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த ஒரு பழமொழியிலிருந்து தொடங்குகிறேன். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. எள்ளில் 100 கிராமுக்கு 40 கிராமுக்கு மேல் கொழுப்பு. கொள்ளில் 100 கிராமுக்குக் கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. புரதமோ ஏறத்தாழ 22 கிராம். ஆய்வுக்கூடமும் தராசும் வருவதற்கு முன்பே, உடம்பு பெருத்தவன் கொழுப்பைக் குறைத்துப் புரதத்தைக் கூட்ட வேண்டும் என்று கண்டு சொன்ன மக்கள் நாம். கொங்கு நாட்டில் கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் அரிசிம் பருப்புச் சாதமும் வாரம் தவறாமல் வெந்த வீடுகள் எத்தனை! இன்று அதே வீடுகளில் அந்தக் கொள்ளு எங்கே போயிற்று?

போனதன் விளைவைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுவதும் ஒரு பெரும் ஆய்வை நடத்தின. 2023-இல் வந்த அதன் முடிவு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்றது. அதே ஆய்வின் இன்னொரு பகுதி 2025-இல் வெளிவந்தது. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுக் கணக்கெடுத்திருக்கிறார்கள். நாம் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்திலிருந்து வருவது வெறும் 12 சதவீதம். நூற்றுக்கு அறுபத்திரண்டு சோறும் மாவும் சர்க்கரையும். நூற்றுக்குப் பன்னிரண்டு புரதம். இதுதான் நம் தட்டு!

அந்த ஆய்வு சொன்ன இரண்டு செய்திகளை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கலோரியில் ஐந்து சதவீத அளவுக்கு மாவுச்சத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பு போன்ற தாவரப் புரதத்தையோ பால் புரதத்தையோ வைத்தவர்களிடம் நீரிழிவுக்கான வாய்ப்பு குறைவாக இருந்தது. இது ஒன்று. அரிசிக்குப் பதில் கோதுமை, கோதுமைக்குப் பதில் கம்பு என்று மாவை மட்டும் மாற்றி, மொத்த அளவைக் குறைக்காமல் விட்டால் அந்தப் பலன் தெரியவில்லை. இது இரண்டாவது. இரவில் சோற்றை விட்டுவிட்டு ஆறு சப்பாத்தி சாப்பிட்டு மனநிறைவோடு படுக்கப் போகும் எத்தனை பேர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள்? உங்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது கொழுப்புக்கு வருகிறேன். ஒரு கிராம் புரதம் தருவது 4 கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்தும் 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி. ஒரு லிட்டர் எண்ணெய்க்குள் ஏறத்தாழ 8,000 கலோரி இருக்கிறது. ஆகவே எண்ணெயைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னால் அது சரியான சொல். ஆனால் அது பாதிச் சொல். மீதிப் பாதியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? அமெரிக்கா அதை அனுபவித்துப் பார்த்துவிட்டது.

1977-இல் அமெரிக்க மேலவைக் குழு ஒன்று மக்கள் கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் நடந்தது என்ன? கொழுப்பு இல்லாத பிஸ்கட், கொழுப்பு இல்லாத கேக் என்று கடைகள் நிரம்பின. 1992-இல் ஸ்நாக்வெல்ஸ் என்ற பெயரில் வந்த பிஸ்கட்டுகள் அலமாரியில் நிற்காமல் விற்றன. கொழுப்பை எடுத்த இடத்தில் சர்க்கரையும் மாவும் போய் உட்கார்ந்தன. கொழுப்பு இல்லை என்று அட்டையில் படித்தவர்கள் பெட்டி பெட்டியாகத் தின்றார்கள். உடம்பு இளைத்ததா? இல்லை. பிறகு 48,835 பெண்களைக் கொண்டு எட்டாண்டுக் காலம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. கொழுப்பைக் குறைத்து, அந்த இடத்தைத் தானியமும் காயும் பழமும் கொண்டு நிரப்பிய பெண்களிடம் மாரடைப்பு குறிப்பிடும்படி குறைந்துவிடவில்லை.

நண்பர்களே, நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான். எண்ணெயைக் குறைத்தால் தட்டில் ஓர் இடம் காலியாகும். அந்தக் காலியிடத்தில் சோறு வந்து உட்காரக் கூடாது. பருப்பு உட்கார வேண்டும். முட்டை உட்கார வேண்டும். மீன் உட்கார வேண்டும். மோரும் தயிரும் உட்கார வேண்டும்.

ஏன் புரதத்துக்கு இவ்வளவு வக்காலத்து என்று கேட்பீர்கள். நம் உடம்பு கொழுப்பைச் சேர்த்து வைக்கக் குதிர் கட்டி வைத்திருக்கிறது. வயிற்றிலும் தொடையிலும் எவ்வளவு கொட்டினாலும் கொள்ளும். புரதத்துக்கு அப்படி ஒரு குதிர் கிடையாது. அன்றன்றைக்கு வேண்டியது அன்றன்றைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் உடம்பு தன் சதையையே கரைத்து எடுத்துக்கொள்ளும். அறுபது வயது தாண்டிய பெரியவர்கள் நாற்காலியிலிருந்து கையை ஊன்றி எழுகிறார்களே, படியேற மூச்சு வாங்குகிறார்களே, அதை வயதின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. தொடைச் சதை கரைந்துபோனதும் ஒரு காரணம். இரவில் இரண்டு இட்லி போதும், காலையில் கஞ்சி போதும் என்று அவர்கள் சொல்வதை நாமும் கேட்டுக்கொண்டு அப்படியே விட்டுவிடுகிறோம்.

எவ்வளவு புரதம் வேண்டும்? உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம். கர்ப்பிணிக்குக் கடைசி மூன்று மாதங்களில் அதற்கு மேல் இன்னும் 22 கிராம். சரி, 60 கிலோ எடையுள்ள ஒரு தாய் ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறார் என்று எண்ணிப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி, சுமார் 6 கிராம். மதியம் 150 கிராம் அரிசிச் சோறு, 11 கிராம். தெளிந்த சாம்பார், 3 கிராம். இரண்டு வேளை டீயில் ஊற்றிய பால், 6 கிராம். இரவில் இரண்டு தோசை, 6 கிராம். கூட்டினால் 32. காய்கறியையும் சேர்த்தாலும் 35-ஐத் தொடுவது கடினம். பதினைந்து கிராம் குறைகிறது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை; ஆயுள் முழுவதும் குறைகிறது!

அந்தத் தெளிந்த சாம்பாரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், வாருங்கள். நான்கு பேர் உள்ள வீடு. ஒரு கைப்பிடி துவரம்பருப்பு குக்கரில் வேகிறது. புளி கரைத்து ஊற்றுகிறார்கள். திடீரென்று ஒருவர் கூட வந்தால் இன்னும் ஒரு சொம்புத் தண்ணீர் சேர்கிறது. பருப்பு சட்டியின் அடியில் தங்கிவிடும். அதனால் அம்மா கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கிக் கலக்கிக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அள்ளி ஊற்றுகிறார். எல்லோரும் எழுந்த பிறகு அவர் உட்காருகிறார். அப்போது சட்டியில் என்ன மிச்சம்? இரண்டு முருங்கைக்காய்த் துண்டும் புளித்தண்ணீரும். அதையும் ரசத்தோடு சேர்த்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டு, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுகிறார். வீட்டில் எல்லோருக்கும் புரதம் குறைவு. சமைத்தவருக்கு எல்லோரையும்விடக் குறைவு. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. கர்ப்பிணிகள் ரத்தசோகையோடும் சோர்வோடும் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, அந்தச் சட்டியைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

இது வீட்டுக்குள் நடக்கும் கணக்கு. வீதியில் நடக்கும் கணக்கையும் பார்க்க வேண்டும். நம் ரேஷன் கடையில் அரிசி அட்டைக்கு 20 கிலோ வரை அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு. 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில். பசியை விரட்டிய திட்டம் இது. இதை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த ஒரு கிலோ பருப்பை நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். அதில் புரதம் 2 கிராம்கூடத் தேறாது. அரிசி இருபது, பருப்பு ஒன்று. இந்த விகிதம்தான் அப்படியே நம் தட்டிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அரிசியை நான் பகையாகச் சொல்லவில்லை. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இட்லியும் பொங்கலும் அரிசிம் பருப்புச் சாதமும் எவ்வளவு அறிவார்ந்த சேர்க்கை பாருங்கள்! நாம் கெடுத்தது அளவை மட்டும்தான்.

சரி, எண்ணெயை எங்கே குறைப்பது? சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடை செட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மாலை ஆனால் தெருவுக்குத் தெரு வண்டி. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும். காய் நல்லது, சட்னி நல்லது. ஆனால் அந்த வடை முழுவதும் எண்ணெயில் முங்கி எழுந்தது. ஜவ்வரிசி வடகம் இன்னொன்று. ஜவ்வரிசி இந்த மாவட்டத்துக்குச் சோறு போடும் தொழில், அதை மதிக்கிறேன். ஆனால் மரவள்ளிக் கிழங்கின் மாவான அதில் புரதம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதைப் பொரித்தால் மாவும் எண்ணெயும் மட்டுமே கிடைக்கும். என்றோ ஒரு நாள் தின்னுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் மதியச் சோற்றுக்கு ஒரு கை வடகம் என்பது வேண்டாம்.

இப்போது உளுந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் 23 கிராம் புரதம் உள்ள தங்கமான பருப்பு. அதை அரைத்து இட்லியாக ஆவியில் வைத்தால் எண்ணெய் ஒரு சொட்டுகூடச் சேராது. அதையே மெதுவடையாகத் தட்டினால்? அடுத்த முறை வடை சுடும்போது ஒரு காரியம் செய்யுங்கள். வாணலியில் ஊற்றும் எண்ணெயை முதலில் அளந்து ஊற்றுங்கள். சுட்டு முடித்ததும் ஆறவைத்து மறுபடி அளந்து பாருங்கள். குறைந்த எண்ணெய் எங்கே போயிற்று? உங்கள் பிள்ளைகளின் வயிற்றுக்குள். மிஞ்சிய எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ச்சுவது அதைவிடக் கேடு. கடலைப்பருப்பு வடைக்கும் கொண்டைக்கடலைச் சுண்டலுக்கும் உள்ள வேறுபாடும் இதுதான். சுண்டலுக்கு வேண்டிய எண்ணெய் ஒரு டீஸ்பூன் தாளிப்பு. மெரினா மணலில் தேங்காய் மாங்காய் போட்டு விற்கும் பட்டாணிச் சுண்டலைப் போல ஒரு மாலைப் பலகாரம் உலகில் வேறு எங்கே இருக்கிறது? நவராத்திரிக்கு ஒன்பது நாள் செய்கிறோம். மீதி நாள்களில் ஏன் மறந்துவிடுகிறோம்?

தோசைக்கல்லில் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டாம். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்த்தால் தோசை பிய்யாமல் வரும். நம் பாட்டிமார் அப்படித்தான் சுட்டார்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு இரண்டு லிட்டர். மாதத்தின் முதல் நாள் அதைத் தனியே எடுத்து வையுங்கள். இருபதாம் தேதி அது தீர்ந்துவிட்டால் எங்கே தீர்ந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பால் வாங்குகிறீர்கள். ஆவின் நீல பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு. ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம். புரதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். நாளைக்கு அரை லிட்டர் வாங்கும் வீட்டில் பாக்கெட்டின் நிறத்தை மாற்றினாலே 15 கிராம் கொழுப்பு குறைந்துவிடும், புரதம் குறையாமல். தயிரைக் கடைந்து வெண்ணெயை எடுத்த மோரும் அப்படித்தான். கொழுப்பு வெண்ணெயோடு போய்விடும், புரதம் மோரில் தங்கிவிடும்.

நமக்குப் பக்கத்திலேயே நாமக்கல் இருக்கிறது. 1997 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த ஊர். பல மாநிலங்களுக்கு முட்டை அனுப்புகிறது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு. அவித்தால் அவ்வளவுதான், பொரித்தால் எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். மஞ்சள் கருவில்தான் கொழுப்பு முழுவதும் இருக்கிறது என்று அதைத் தூக்கி எறியாதீர்கள்; வைட்டமின் ஏ-யும் பி12-உம் அதில்தான் இருக்கின்றன. 1956-இல் காமராசர் காலத்தில் வந்த மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 1989-இல் கலைஞர் காலத்தில் அதில் முட்டை சேர்ந்தது. இன்று பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் பிள்ளையின் தட்டில் ஓர் அவித்த முட்டை விழுகிறது. கட்சி எதுவானாலும் ஆட்சி எதுவானாலும் இந்த மண் கைவிடாத காரியம் அது. பள்ளியில் பிள்ளைக்குக் கிடைக்கும் அந்த முட்டை, வீட்டில் தாய்க்கும் பாட்டிக்கும் கிடைக்க வேண்டாமா?

அசைவம் உண்பவர்கள் கோழியைத் தோலை நீக்கிக் குழம்பாக வையுங்கள். பொரித்த கோழியை விழா நாளுக்கு ஒதுக்குங்கள். நெத்திலியும் மத்தியும் விலை குறைந்த மீன்கள், குழம்பில் போடுங்கள். சைவர்களுக்குத் தட்டப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை, மீல்மேக்கர் என்று வரிசை நீள்கிறது. பயறு சாப்பிட்டால் வாயு என்பார்கள். இரவே ஊறவையுங்கள், ஊறிய நீரைக் கொட்டிவிடுங்கள், முளைகட்டுங்கள், பெருங்காயம் சேருங்கள். முதல் வாரம் அரைக் கிண்ணம், பிறகு முழுக் கிண்ணம், வயிறு பழகிவிடும். அந்தத் தாய்க்குக் குறைந்த பதினைந்து கிராமை மறுபடி பாருங்கள். ஒரு கிண்ணம் சுண்டல் 8. ஒரு முட்டை 6. சாம்பாரில் கொஞ்சம் கெட்டியாகப் பருப்பு. கணக்கு நேராகிவிட்டது! இரவில் ஒரு தோசையையும் மதியம் ஒரு கரண்டிச் சோற்றையும் குறைத்துக்கொண்டால் போதும்.

அரங்கின் பின்னால் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளே, இது உங்களுக்கு. உடற்பயிற்சிக் கூடத்தில் டப்பா டப்பாவாகப் புரதப் பொடி விற்கிறார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சதை வளர்க்க அந்தப் பொடிகளை நாட வேண்டாம் என்றே சொல்கிறது. இந்த ஊரில் பிறந்த கோபாலனும் அன்றே இதற்காக வாதாடினார். ஏழைக் குழந்தைகளுக்குத் தனியாகப் புரதச் சத்துப் பொருள் தயாரித்துக் கொடுக்க வேண்டும் என்று உலகெங்கும் பேச்சு எழுந்தபோது, வீட்டில் உண்ணும் தானியத்தையும் பருப்பையும் வயிறாரக் கொடுத்தாலே குழந்தை தேறிவிடும் என்று ஆய்வு செய்து நிலைநாட்டினார். டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தில் பொட்டுக்கடலையும் முட்டையும் வாங்குங்கள்.

எச்சரிக்கையாக ஒரு சொல். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொழுப்பைக் குறைக்கவே கூடாது. அதன் மூளை வளர அது வேண்டும். நமக்கும் கொழுப்பு அடியோடு வேண்டாதது இல்லை. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு இருந்தாக வேண்டும். குறைக்கச் சொல்கிறேன், ஒழிக்கச் சொல்லவில்லை.

இரண்டு கோரிக்கைகளோடு என் பேச்சை முடிக்கிறேன். முதல் கோரிக்கை அரசுக்கு. ரேஷன் கடையில் அந்த ஒரு கிலோ பருப்பை இரண்டு கிலோவாக்குங்கள். ஒரு மாதம் துவரை கொடுத்தால் மறு மாதம் கொள்ளோ பாசிப்பயறோ கொடுங்கள். நம் மானாவாரி நிலத்தில் விளைகிற பயிர் அது. உழவருக்கும் விலை கிடைக்கும்.

இரண்டாவது கோரிக்கை இங்கே அமர்ந்திருக்கும் ஆண்களுக்கு. நாளை மதியம் உங்கள் வீட்டில் சாம்பார் கெட்டியாக வேகட்டும். தட்டு வைத்ததும் கரண்டியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சமைத்தவரை முதலில் உட்காரச் சொல்லி, அடிவரை கலக்கி, முதல் கரண்டியை அவர் தட்டில் ஊற்றுங்கள்.